யாரும் அழுத்தாத மழை

1

இந்தக் கதையின் முதல் வரைவு நான்கே வாக்கியம். செல்போனில் எழுதினேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் இங்கே தருகிறேன்:

"மாஸ்டர், டீச்சரோட அம்மாவுக்கு இன்னும் முழுசா சரியாகல. அவங்க தம்பிக்கு ஞாயித்துக்கிழமையும் டூட்டி போட்டுட்டாங்க. டாக்டருக்கும் வேலை ஜாஸ்தி, ஓய்வு வேணுங்கறாங்க. கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சுட்டு, எல்லாம் சரியானதும் பழையபடி உக்காருவோம்."

நான்கும் பொய். டீச்சரின் அம்மா அதற்கு இரண்டு மாதம் முன்பே எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். தம்பி ஓட்டும் பஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் டெப்போவை விட்டு நகர்வதில்லை. பல் டாக்டர் ஓய்வு என்ற சொல்லையே சொல்லவில்லை. நான்காவதுதான் இருப்பதிலேயே பெரிய பொய். பழையபடி உட்காரக் கூடாது என்பதற்காகத்தானே மற்ற மூன்றையும் எழுதினோம்.

எழுதினோம் என்பது பிழை. எழுதினேன். "நீதானே எழுதறவன், நீயே எழுது" என்றார்கள் மூன்று பேரும். ஒன்பது வருஷமாக என் எழுத்தைப் பற்றி அந்த மேசையில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்குத்தான் அதற்கு ஒரு தேவை வந்தது.

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. "சரி. யாரும் அவசரப்பட வேண்டாம். அம்மாவைப் பாத்துக்கச் சொல்லு. மேசை இங்கதான் இருக்கும்."

நான் அச்சில் போட்ட கதை எதையும் யாரும் இவ்வளவு முழுசாக நம்பிப் படித்ததில்லை.

2

இனி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். "நான், நான்" என்று தொடர்ந்தால் பத்திக்குப் பத்தி எனக்கு ஒரு சாக்கு முளைக்கும்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவருக்கு விளையாட்டு என்றால்

(இல்லை. "ஒருவர் இருந்தார்" என்றால் செத்துப்போனவர் மாதிரி இருக்கிறது. அவர் நன்றாகவே இருக்கிறார்.)

மாஸ்டருக்கு ஐம்பத்தோரு வயது. ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் ஏறி இறங்கும்படி பழுது பார்ப்பவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் அக்காவோடு குடியிருந்தார். அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நிற்பாள். இரண்டு அறை வீடு. முன்னறையில் ஒரு மேசை, ஆறு நாற்காலி. அந்த மேசையைச் சுற்றி வர வேண்டுமென்றால் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த மேசையில் ஞாயிறு மத்தியானங்களில் நடந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு சாகசக் கதையை வாயாலேயே நடத்துவது. நான்கு பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம். டாக்டர் ஒரு மந்திரவாதி, டீச்சர் வாள் வீராங்கனை, டிரைவர் தம்பி ஒரு குள்ளன். நான் ஒரு ஊமைத் திருடி. மீதி உலகம் மொத்தமும் மாஸ்டர். கதவு சாத்தியிருக்கிறதா, காவலாளி தூங்குகிறானா, ஆற்றில் படகு உண்டா, எல்லாம் அவர் சொல்வதுதான். இழுபறி வந்தால் இருபது முகம் உள்ள பகடை தீர்த்துவைக்கும்.

அவருடைய சாமான்களைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. பழைய லிஃப்ட் கதவின் தகட்டை மூன்றாக மடித்து ஒரு மறைப்பு செய்து வைத்திருந்தார். அதற்குப் பின்னால் அவருடைய குறிப்புகள். கட்டம் போட்ட பெரிய துணியில் சாக்பீஸால் வரைபடம். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு டேப்லட், அதில் எண்பத்தி சொச்சம் பொத்தான்கள். தொட்டால் சத்தம் வரும். சத்திரத்து இரைச்சல், குதிரைக் குளம்பு, வாள் சண்டை எல்லாம் இணையத்தில் எடுத்தவை. நல்ல சத்தங்கள் அவரே பதிவு செய்தவை. குகைக் காற்று என்பது பதினான்காம் மாடியில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று பிடித்த காற்று. டிராகன் மூச்சு என்பது அக்காவின் இஸ்திரி இயந்திரம். மழை என்பது ஏதோ ஒரு மொட்டைமாடி மோட்டார் அறையின் தகரக் கூரையில் பெய்த நிஜ மழை, ஆறு நிமிஷம் இருபது விநாடி.

ஊமைத் திருடிக்கும் ஒரு பொத்தான் இருந்தது. முதல் வருஷம் எனக்கு அந்த மேசையில் பேசக் கூச்சம். அதனால்தான் ஊமையை எடுத்தேன். மாஸ்டர் அதைக் கேலி செய்யவில்லை. அடுத்த வாரம் ஒரு சத்தத்தோடு வந்தார். இரும்புச் சட்டத்தில் விரல் எலும்பால் தட்டுவது. ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. "இனிமே இவ பேசுவா" என்றார்.

3

இந்தப் பகுதியில் அவரைக் கெட்டவராக்கிவிடலாம் என்று நினைத்தேன். அப்படி ஆக்கினால் எங்களுக்குக் கொஞ்சம் நிழல் கிடைக்கும்.

மாஸ்டர் ஒரு கொடுங்கோலர். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான்

(அடித்துவிட்டேன். அந்த வீட்டில் அக்கா வைத்ததுதான் சட்டம்.)

நடந்ததைச் சொல்கிறேன். கடைசி ஒரு வருஷமாக அவர் எங்களைப் பிழிந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த படகோட்டியின் பெயர் என்ன என்று கேட்பார், நாங்கள் முழிப்போம், அவர் முகம் வாடிவிடும். டிரைவர் தம்பி செல்போனைப் பார்த்தால் எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் மாதிரி மூன்றாம் மாடி ஏறினோம். ஒரு முறை டீச்சர் ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துவிட்டு முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தாள். அதுவரை ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்திருந்தவர், "கோட்டை வாசல்ல உங்களுக்காக மூணு பேர் நிக்கிறாங்க. உயிரோட இருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். டீச்சர் அழுதுவிட்டாள்.

இதோடு நிறுத்தினால் கெட்டவர்தான். ஆனால் அவள் அழுததும் அவர் பதறிப்போனதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் டேப்லட்டில் தடவி, மெல்லிய புல்லாங்குழல் ஒன்றைப் போட்டார். அதுதான் அவருக்குத் தெரிந்த ஆறுதல். டீச்சருக்கு இன்னும் கோபம் வந்தது. படியிறங்கும்போது, "ஒரு சாரி சொன்னா வாய் முத்து உதிர்ந்துடுமா" என்றாள்.

"மாஸ்டர், கொஞ்சம் விட்டுப் பிடிங்க" என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். நாலே சொல். பல் டாக்டர் தினமும் முப்பது பேரை வாயைத் திறக்க வைக்கிறவர். டீச்சர் நாற்பது பேர் வகுப்பை ஒரு பார்வையில் அடக்குகிறவள். நான் எழுதுகிறவன். எங்கள் யாருக்கும் அந்த நாலு சொல் வரவில்லை. நான்கு வாக்கியப் பொய் வந்தது.

4

செய்தி அனுப்பி நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. மத்தியானம் மூன்று மணி.

(இந்த மத்தியானத்தை நான் பார்க்கவில்லை. பிறகு அவரே சொன்னார். எப்போது, எங்கே, எதை நம்பி என்னிடம் சொன்னார் என்பது ஆறாம் பகுதியில் வரும்.)

மாஸ்டர் மேசையைத் துடைத்துவிட்டு நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, வருகிறவர்கள் யாருமில்லாத நாற்காலிக்கு இத்தனை பவிசு எதற்கு என்று கேட்டாள். தூசி என்றார். அந்த வாரம் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டின் எதிர் எடை கீழே இறங்கும் சத்தத்தைப் பிடித்து வந்திருந்தார். கல் கதவு திறப்பதற்கு ஆகும். அதை ஏற்றலாம் என்று டேப்லட்டைத் திறந்தார்.

சத்திரத்துப் பொத்தான் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

தான்தான் அணைக்காமல் விட்டோம் போல என்று அதைத் தொட்டார். அணைந்தது. பத்து விநாடியில் மறுபடி எரிந்தது.

அந்தச் சத்தங்கள் இருக்கும் இணையக் கணக்கின் கடவுச்சொல் எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். வீட்டில் போட்டுக் கேட்டுப் பழகுங்கள் என்று அவரே கொடுத்தது. ஒருவர் எங்கே தொட்டாலும் மற்ற இடத்திலும் அதே பொத்தான் எரியும். அதனால் அவர் முதலில் நினைத்தது இதுதான்: யாரோ ஒருத்தர் தனியாக உட்கார்ந்து பழைய சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "ஏங்குதுங்க போலக்கா" என்றார். ஐந்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தார்.

பிறகு சத்திரம் அணைந்து குதிரைக் குளம்பு எரிந்தது. குளம்பு நின்று ஆறு. ஆற்றோடு துடுப்பு. துடுப்பு நின்றதும் இரும்புக் கதவு.

ஏக்கத்தில் கேட்கிறவர்கள் இந்த வரிசையில் கேட்க மாட்டார்கள். ஒன்பது வருஷம் ஆட்டம் நடத்தியவருக்கு அது தெரியும். மடியில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

நாங்கள் அவருக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்த பாதை முழுவதையும் அவர் சத்தத்தை வைத்தே கூட வந்தார். எங்கே படகு பிடித்தோம், எங்கே இறங்கினோம், எந்தக் கதவு திறந்தது. குகைக் காற்று வந்த பிறகும் பின்னால் ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தவர், "டாக்டர், ஆத்த நிறுத்துங்க" என்று டேப்லட்டைப் பார்த்துச் சொன்னார். அக்கா திரும்பிப் பார்த்தாள். மறுபடி துணி மடித்தாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு ஆறுதல் இருந்தது. மூன்றிலிருந்து ஐந்து மணிவரை தட்டுச் சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை. ஊமைத் திருடி அங்கே இல்லை. எழுத்தாளர் போகவில்லை.

ஐந்தே காலுக்கு வாள் சண்டை. பதினோரு நிமிஷம். சட்டென்று நின்றது. பிறகு மணி.

அந்த மணிக்கு ஒரே ஒரு அர்த்தம். குழுவில் ஒருவர் இறந்துவிட்டார். ஒன்பது வருஷத்தில் இரண்டே முறை அடித்திருக்கிறார். அடித்ததும் மழையைப் போடுவார். மழை முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அது அந்த மேசையின் சட்டம். நாங்கள் சிரிக்காமல் மதித்த ஒரே சட்டமும் அதுதான்.

அவர் காத்திருந்தார். மழைப் பொத்தான் எரியவில்லை. அரை நிமிஷம் ஆனது. யார் என்று தெரியாத ஒரு சாவுக்கு, வீட்டில் உட்கார்ந்தபடி, தன் விரலால் மழையை அழுத்தினார்.

5

இப்போது "நான்" திரும்பி வந்துதான் ஆக வேண்டும். அந்த அறையில் இருந்தவன் நான்.

அது டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறை. ஞாயிறு விடுமுறை. மாடியிலிருந்து ஒரு மேசையை இறக்கிப் போட்டிருந்தோம். சுவரில் ஈறு நோய் பற்றிய படம். எங்கள் நாலாவது ஞாயிறு அது. டாக்டர் நன்றாகவே நடத்தினார், கலகலப்பாக. யாருடைய பெயரை மறந்தாலும் சிரித்துவிட்டு அவரே எடுத்துக்கொடுத்தார். டாக்டருடைய டேப்லட்டும் ஸ்பீக்கரும் தள்ளி, சீட்டு எழுதும் கவுண்டர்மேல் இருந்தன. சத்தம் மாற்ற அவர் எழுந்து போய் வர வேண்டும். அதனால்தான் ஆறு அத்தனை நேரம் ஓடியது.

தட்டுச் சத்தம் வேண்டாம் என்று டாக்டரிடம் நான்தான் சொல்லியிருந்தேன். அது கேட்டால் மாஸ்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை போனில் இன்னொன்றும் சொன்னேன். இந்தத் திருடி போதும், வேறு பாத்திரம் எடுத்துக்கொள்கிறேன், கௌரவமாக முடித்துவிடுங்கள் என்று.

[செத்தது என் ஊமைத் திருடி. சொல்லிவைத்துச் செத்தாள். இந்த வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன்.]

கதவைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள், மற்ற இருவரும் வெளியேறினார்கள், பகடையில் இரண்டு விழுந்தது, எதிரியின் வாள் இறங்கியது. டாக்டர் போய் மணியை அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்து ஏதோ எழுதினார். டீச்சர், "அவ்வளவுதானா?" என்றாள். அவள் தம்பி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தான்.

அப்போது மழை பெய்தது.

நான்கு பேரும் மேசையில் இருந்தோம். டாக்டர் கையில் பேனா. கவுண்டர் பக்கம் யாருமில்லை. தகரக் கூரை மழை அறையை நிறைத்தது. பழக்கமா பயமா தெரியவில்லை, யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் தம்பி பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"கேட்டுட்டு இருக்காரு."

டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள், அவர் அங்கே நிற்பது போல. நான் எழுந்து போய் மழையை நிறுத்தினேன். மறுபடி வந்தது. மறுபடி நிறுத்தினேன். பிறகு மாஸ்டருடைய கணக்கிலிருந்தே டேப்லட்டை வெளியேற்றினேன். அதற்கப்புறம் வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து டாக்டர் வேறு ஏதோ ஒன்றில் சத்தங்களைச் சேர்த்துக்கொண்டார். அவையும் நன்றாகத்தான் இருக்கின்றன.

6

நான் சோறு தின்பது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதத்தில் பிழை திருத்தி. ஆபீஸ் ஆறாவது மாடியில். அந்த ஞாயிறு கழிந்து மூன்று வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லிஃப்ட் நின்றுபோனது. படியேறி வந்தால், திறந்த லிஃப்ட் கதவுக்கு முன்னால் மஞ்சள் பலகை வைத்துவிட்டு மாஸ்டர் குந்தியிருந்தார்.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

கையில் ஸ்பானரோடு, என்னை நிறுத்தி வைத்து அத்தனையும் சொன்னார். நாலாம் பகுதி முழுக்க அவர் வாயிலிருந்து வந்தது. நான் வாக்கியத்தைச் சரிசெய்ததோடு சரி. என்னிடம் ஏன் சொன்னார்? அதையும் அவரே சொன்னார்.

"நீ போகலன்னு எனக்குத் தெரியும்யா. தட்டுச் சத்தமே வரலையே."

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது இப்போதுகூடத் தெளிவில்லை.

அவர்கள்மேல் கோபமில்லையா என்று கேட்டேன். "அவர்கள்" என்றுதான் கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன், முதல் ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்றார். அப்புறம் மழையை நினைத்துப் பார்த்தாராம்.

"ரெண்டு தடவ நிறுத்தினாங்க. என்னமோ கோளாறுன்னு நெனச்சிருப்பாங்க. மூணாவது தடவ போட்டேன், நிறுத்தலய்யா. ஆறு நிமிஷம் இருபது செகண்டு, முழுசா கேட்டாங்க. நானும் கேட்டேன். அதோட என் கோவம் போச்சு. இருக்கட்டும், எங்கயோ ஒரு எடத்துல ஆடட்டும்."

மூன்றாவது மழையை அவர் ஒருவர்தான் கேட்டார். எங்கள் அறையில் அப்போது டிரைவர் தம்பி ஸ்பீக்கரின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அவர் குழிக்குள் எட்டிப் பார்த்து எதையோ இறுக்கினார். முகத்தைக் காட்டாமலே கேட்டார்.

"செத்தது யாருன்னு உனக்கு ஏதாவது காதுல விழுந்துச்சா?"

"யாரும் இல்லயாம் மாஸ்டர். தெரியாம மணியை அழுத்திட்டாங்களாம்."

பிழை திருத்துகிறவன் என்பதால் இதைக் கவனித்தேன். நம் மொழியில் "ஆம்" என்று ஒரு சின்ன வால் இருக்கிறது. வினைச்சொல்லின் முதுகில் ஒட்டினால் போதும். நான் பார்க்கவில்லை, அங்கே இல்லை, யாரோ சொன்னார்கள் என்று ஆகிவிடும். ஒரு முழு ஆள் அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். ஒளிந்துகொண்டேன்.

அவர் குழிக்குள்ளிருந்து தலையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கண் கலங்கியிருந்ததா, தூசியா என்று எழுதி அடித்துவிட்டேன். நான் பார்க்கவில்லை, கையில் இருந்த இருமல் மருந்துத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லதாப் போச்சு. உன் திருடி உன்கிட்ட பத்திரமா இருக்காள்ல, அது போதும். என்னிக்காவது நீயும் நானும் ரெண்டு பேரா உக்காருவோம்."

லிஃப்ட் ஓடத் தொடங்கியது. சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டே, இப்போது என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. ஒரு கதை என்றேன். அச்சில் வந்தால் பத்திரிகை பெயரைச் சொல்லு, எனக்குக் கண்ணாடி போட்டும் எழுத்து ஆடுது, அக்காவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்றார்.

7

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

(அ) அடுத்த ஞாயிறு அவர் கிளினிக் வாசலில் வந்து நிற்கிறார். டீச்சர் எழுந்து நாற்காலி போடுகிறாள். எல்லோரும்

எழுத வரவில்லை. டீச்சரைக் கேட்டுப் பார்த்தேன். "வந்தா நான் எழுந்து போயிடுவேன். நீ வேணும்னா கதையில உக்கார வெச்சுக்கோ" என்றாள்.

(ஆ) நான் மூன்றாம் மாடி ஏறிப் போய் உண்மையைச் சொல்கிறேன். அவர் கதவைச் சாத்துகிறார். அல்லது சாத்தவில்லை.

இதை எழுத நான் ஏறிப் போயிருக்க வேண்டும்.

(இ) அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் அப்படிப் பேசினார். என் பொய்யை எனக்குப் பரிசாகக் கொடுத்தார்.

வாசகருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. பிடித்ததனாலேயே விட்டுவிட்டேன். அவருக்குத் தெரியாது. அவர் நம்பினார்.

பிறகு வேறொரு வழி பார்த்தேன். சதுர அடைப்புக்குள் இருக்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் அவர் இந்தக் கதையைக் கேட்கலாம் என்று தோன்றியது. எடுத்தேன். அதற்கு மேலே இருந்த வரி அதையே சொன்னது. அதையும் எடுத்தேன். மூன்றாவது மழையை எடுத்தேன். கிளினிக்கை எடுத்தேன். அந்த நான்கு வாக்கியச் செய்தியையும் எடுக்க வேண்டியிருந்தது. இப்படியே மேலே போனதில் தலைப்பு மட்டும் மிஞ்சியது. அதிலும் "யாரும்" என்ற சொல் பொய்.

எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். கதை நன்றாக வந்திருக்கிறது என்று வேறு தோன்றியது, அதையும் மறைக்கவில்லை.

இது அச்சில் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பத்திரிகையின் பெயரை அவரிடம் சொன்னேனா என்று கேட்காதீர்கள். அவர் தேடி வாங்கிவிடுவார். அந்த முன்னறையில், வேலை முடிந்து வந்த அக்கா முதல் பகுதியிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்குவாள். அவள் வாசிக்கிற வேகத்தைவிட அவள் கண் கொஞ்சம் முன்னால் ஓடும். ஏதோ ஒரு வரிக்கு முன்னால் அவள் குரல் நிற்கும், அல்லது அந்த வரியைத் தாண்டிக் குதித்து, இல்லாத ஒன்றை வாசிக்கும்.

எந்த வரி என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என்னால் முடியவில்லை.

முடியவில்லை என்பது பிழை. மனமில்லை.